அவித்த மா

போன கிழமை அந்த லேஸ் முக்காடு ஓர்லாவின் கைக்குப் போனதிலிருந்து அனோஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

முக்காடு என்றால் ஏதோ கடையில் வாங்கிய முக்காடு அல்ல. மாமி றோசலின் தன் கலியாணப் பூசைக்குப் போட்டது. பாசையூரிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கும் வந்து, நாற்பத்தைந்து வருடமாகப் பூச்சி உருண்டையோடு அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. மூத்த மகன் மாக்கஸைக் கட்டி, வோபர்னில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு வருடமான அனோஜாவுக்கு அதைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கிடைத்ததில்லை. இளையவன் அகஸ்ரினைக் கட்டி எட்டு மாதமே ஆன ஓர்லாவுக்கு மாமி தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. இன்று சனிக்கிழமை, மாமா இக்னேசியஸின் மூன்றாம் ஆண்டு நினைவுநாள். முதல் இரண்டு வருடமும் பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது மேசையின் நடுவில் இருந்தது அனோஜா சுட்ட பால்றொட்டி. இந்த வருடம் நடுவில் ஓர்லாவின் ஐரிஷ் பாண் இருக்கும் என்று மாமி அறிவித்துவிட்டார். ரெக்ஸ்டேலில் இருக்கும் தன் மச்சாள் கிளடிஸுக்குப் போன் எடுத்து அதை மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் அனோஜாவின் காதில் விழுந்தது.

மாமி சொன்ன காரணத்தை மறுக்கவும் முடியாது. மாமா சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஐரிஷ் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவர். பூசைக்கு உதவி செய்கிற நாட்களில் ஒரு சுவாமி தன் கையால் சுட்ட பாணில் ஒரு துண்டு வெட்டித் தருவாராம். கடைசிக் காலத்தில் மற்றதெல்லாம் மறந்து போக, மாமாவுக்கு அந்தப் பாண் மட்டும் ஞாபகத்தில் நின்றது. சுவாமியின் பாண் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அனோஜாவும் கடை கடையாக ஏறி விதம் விதமான பாண் வாங்கி வந்தாள். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, இது இல்லைப் பிள்ளை என்று தள்ளி வைத்தார்.

பிறகு என்ன, பிட்டைக் குழைத்துக் கரண்டியால் தீத்தினாள். இரண்டு வருடம் தீத்தினாள். துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள். அந்த மனுசனின் முகத்தைப் படத்தில் மட்டுமே பார்த்த ஒருத்தி இன்றைக்கு ஒரு பாணைக் கொண்டு வந்து மேசைக்கு நடுவில் வைக்கப் போகிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காலை ஒன்பது மணிக்கு ஓர்லா வந்து இறங்கினாள். வாசலில் பாதி கரைந்த பனியில் சப்பாத்தை உதறிவிட்டு, கையில் மோர்ப் பெட்டியும் ஒரு துணிப் பையுமாகக் குசினிக்குள் வந்தாள். அவளை இறக்கிய கையோடு அகஸ்ரின், பீற்றர்பரோவிலிருந்து பஸ்ஸில் வரும் அவளுடைய அப்பாவை ஏற்றப் போய்விட்டான். மாக்கஸும் மாமியும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மாமாவின் கல்லறையில் பூ வைக்கச் சேமக்காலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இரண்டு மருமக்கள் மட்டும்தான்.

ஓர்லா தமிழைப் புத்தகத்திலும் இணைய வகுப்பிலும் படித்தவள். அதனால் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுவாள். அதையும் மாமி தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எங்கள் பேரப்பிள்ளைகளுக்கே இப்படி வடிவாக வராது என்று சொன்னதில் குத்து யாருக்கு என்று அனோஜாவுக்குத் தெரியும்.

துணிப் பையிலிருந்து வந்தவை ஒரு பழைய மரக்கரண்டி, உப்பு, அப்பச்சோடா. அவ்வளவுதான். அனோஜா மேசைமேல் வைத்ததை எட்டிப் பார்த்தாள். ஈஸ்ற் இல்லை, முட்டை இல்லை, பட்டர்கூட இல்லை. நாங்கள் அப்பத்துக்குப் போடும் அதே சோடாவைப் போட்டுச் சுடுவதற்கா இவ்வளவு எழுப்பம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மா கொண்டு வர வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது என்று மாமிதான் ஓர்லாவுக்குச் சொல்லியிருந்தார். வீட்டில் மா இருந்தது உண்மை. ஆனால் இரண்டு மா இருந்தது. கீழ் அலுமாரிக்குள், பத்துக் கிலோப் பையில், கடையிலிருந்து வந்தபடி பச்சைக் கோதுமை மா. மேலே, அடுப்புக்குப் பக்கத்தில், பெரிய நீல பிஸ்கற் டின்னுக்குள் அவித்த மா.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இது வழக்கம். கோதுமை மாவைத் துணியில் முடிந்து ஆவியில் அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து, அரித்து வைத்துக்கொண்டால் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் கைக்கு உதவும். ஆவி பட்ட மாவின் இழுவை செத்துப் போகும். அதனால்தான் பிட்டு உதிரி உதிரியாக வருகிறது. அந்த மாவில் பாண் சுடலாம் என்று எந்த யாழ்ப்பாணத்துப் பொம்பிளையும் கனவிலும் நினைக்க மாட்டாள். ஆனால் பீற்றர்பரோவில் பிறந்து வளர்ந்தவளுக்கு மாவை அவிப்பார்கள் என்பதே தெரிய நியாயமில்லை.

ஓர்லா சுற்றிப் பார்த்தாள். கண்ணில் பட்டது நீல டின். மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, பாணுக்கு இந்த மாவா?"

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அனோஜாவின் கை நின்றது. இல்லை, கீழே பார் என்று சொல்ல இரண்டு வினாடி போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஓர்லாவின் துணிப் பைக்குள் மடித்து வைத்திருந்த லேஸ் முக்காட்டின் ஓரம் தெரிந்தது. பூசைக்குப் போட்டுக்கொண்டு போவதற்காகக் கொண்டு வந்திருக்கிறாள்.

"ஓம்," என்று தலையை ஆட்டினாள் அனோஜா.

வெங்காயத்தை மறுபடி வெட்டத் தொடங்கினாள். தானாகக் கேட்டாள், நான் என்ன எடுத்துக் கொடுத்தேனா என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். அந்தச் சமாதானம் அவளுக்கே ஒட்டவில்லை.

ஓர்லா மாவைக் கோப்பையால் அளக்கவில்லை. கையால் அள்ளிப் போட்டாள். நாலு கை மா, ஒரு சிட்டிகை உப்பு, கரண்டி நுனியில் சோடா. நடுவில் குழி பறித்து மோரை ஊற்றி, விரல்களை விரித்துச் சுழற்றினாள். மா சேரவில்லை. இன்னும் கொஞ்சம் மோர் விட்டாள். ஈர மணல் போல உதிர்ந்தது. இன்னும் விட்டாள்.

அவளுடைய நெற்றியில் வியர்த்தது. இப்போது ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். தமிழில் தேடிச் சொல்லப் பொறுமையில்லை. இது தன் பூட்டியின் அம்மா அயர்லாந்தில் கிளேயர் என்ற ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது மனதில் கொண்டு வந்த பாண் என்றாள். எங்கேயும் எழுதி வைக்கவில்லையாம். தாயின் கையைப் பார்த்து மகள் பழக வேண்டுமாம். தன் அம்மா இறந்த பிறகு ஐந்து வருடமாக இந்தக் கரண்டியைத் தான் தொடவே இல்லை என்றும், இன்றுதான் முதல் தரம் என்றும் சொன்னாள். அப்பாவும் ஐந்து வருடமாக இந்தப் பாணைச் சாப்பிடவில்லை. கடையில் விற்பதை வாங்கவும் மாட்டார், மற்றவர்கள் சுட்டுக் கொடுத்தாலும் தொட மாட்டார்.

"அம்மாவின் கை எனக்கு வரவில்லை, அக்கா," என்றாள் கடைசியில், திரும்பத் தமிழில்.

இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதா என்று அனோஜாவுக்குக் கோபம் வந்தது. தன் மேல் வந்த கோபத்தை அவள் மேல் போட்டாள்.

ஒருமாதிரி அழுத்திப் பிடித்து வட்டமாக்கி, தட்டில் வைத்து, கத்தியால் மேலே சிலுவை கீறினாள் ஓர்லா. நாலு பக்கமும் கத்தி முனையால் ஒவ்வொரு குத்து. மாவுக்குள் இருக்கும் குட்டித் தேவதைகள் வெளியே போவதற்காம். பிறகு ஓவனுக்குள் தள்ளினாள். மணி ஒன்பது நாற்பது. பூசை பதினொன்றரைக்கு. பச்சை மாவில் இன்னொன்று பிசைந்து சுட நேரம் தாராளமாக இருந்தது.

பாண் மணக்கத் தொடங்கியபோது அனோஜா கையைக் கழுவினாள். துடைத்தாள். கீழ் அலுமாரியின் கைபிடியைப் பிடித்தாள். சொல்லிவிடத்தான் போனாள், அதில் சந்தேகமில்லை.

வாசல் கதவு திறந்தது. மாமி குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே குசினிக்குள் வந்தார். மூக்கை உறிஞ்சினார். ஓர்லாவின் கன்னத்தைத் தடவி, இந்த வீட்டுக் குசினி இன்றைக்குத்தான் மணக்கிறது என்றார்.

இன்றைக்குத்தானாம். பதினான்கு வருடம் இந்தக் குசினியில் என்ன, காற்றா சமைத்தது? அனோஜா கைபிடியை விட்டாள். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போலத் திரும்பி, வெட்டிய வெங்காயத்தைச் சட்டிக்குள் போட்டாள்.

பூசையில் மாமிக்கு ஒரு பக்கம் ஓர்லா, மறுபக்கம் அனோஜா. முக்காடு ஓர்லாவின் செம்பட்டைத் தலைக்கு அளவெடுத்துப் பின்னியது போல இருந்தது. அதுவும் அனோஜாவுக்குப் பொறுக்கவில்லை. பாவத்தை ஏற்றுக்கொண்டு எல்லோரும் நெஞ்சில் தட்டும்போது அவளும் தட்டினாள். மற்ற நாட்களில் பட்டும் படாமலும் தட்டுகிறவள், இன்று கொஞ்சம் பலமாகத் தட்டியதை மாக்கஸ் திரும்பிப் பார்த்தான்.

ஒன்றரை மணிக்கு மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். ஓர்லாவின் அப்பா டெக்லன் நெடுத்த மனிதர். ஓய்வு பெற்ற தச்சர். இந்த வீட்டுக்கு முதல் தரம் வந்திருக்கிறார் என்பதால் கோட்டும் டையுமாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். ஆனால் பாணைக் கண்டதும் அவருடைய முகம் மாறியதை அனோஜா கண்டாள். தெரிந்த ஒருவரைச் சனக்கூட்டத்தில் கண்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாண் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மேலே பொன்னிறம், நடுவில் சிலுவை. மாமி ஒரு சின்னச் செபம் சொல்லி, கத்தியைச் சம்பந்தியின் கையில் கொடுத்தார்.

டெக்லன் சிலுவைக் கீறலில் கத்தியை வைத்து அழுத்தினார். பாண் வெட்டுப்படவில்லை. உடைந்தது. உடைந்த பாதியைத் தூக்கினால் விரலுக்குள் உதிர்ந்தது. தட்டு நிறையத் தூள்.

அகஸ்ரின் மனைவியைப் பார்த்தான். ஓர்லாவின் முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தது. டெக்லன் ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கி, மிக நன்றாக இருக்கிறது மகளே என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது பொய் என்று அறிய ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ஓர்லா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

இதைத்தானே அனோஜா விரும்பினாள்? விரும்பியது கிடைத்தால் சந்தோசம் வர வேண்டும். வந்ததா என்று தேடிப் பார்த்தாள். தட்டில் கிடந்த தூள்தான் கண்ணில் பட்டது.

மாமி ஒரு கட்டியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். மறுபடி உருட்டினார். அறுபது வருடமாக மா அவித்த விரல்கள் அவை. எழுந்து, ஓர்லாவின் பின்னால் குசினிக்குள் போனார். அனோஜாவின் கால்களும் தாமாகவே பின்னால் போயின.

மாமி நீல டின்னின் மூடியைத் திறந்தார். உள்ளே கை அள்ளிய பள்ளம் அப்படியே இருந்தது.

"உது அவிச்ச மா, பிள்ளை. பாணுக்குப் பச்சை மா எல்லோ போட வேணும். மா எடுக்கேக்க அனோஜா பக்கத்தில நிக்கேல்லையோ?"

மாமி கேட்டது ஓர்லாவிடம். ஆனால் கேட்கும்போது கண் அனோஜாவின் மேல் இருந்தது.

மரக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஓர்லா தண்ணீரை நிறுத்தினாள். டின்னைப் பார்த்தாள், அனோஜாவைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. கேட்டது, ஓம் என்று சொன்னது, அதன் பிறகு நாற்பது நிமிடம் பாண் வேகும்வரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெங்காயம் வதக்கியது, எல்லாமே அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. அனோஜா கண்ணை மூடிக்கொண்டாள். பதினான்கு வருடம் காத்த பெயர் இதோ போகிறது என்று நினைத்தாள்.

"இல்லை, மாமி. அக்கா மேலே உடை மாற்றச் சென்றிருந்தார். நான் கேட்காமல் எடுத்தேன்."

இலக்கணம் பிசகாமல், செய்தி வாசிப்பது போலவே சொன்னாள்.

மாமி உருகிப் போனார். பிழை விட்டால் அதை ஒப்புக்கொள்கிற குணம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டார். வளர்ப்பு என்றால் இதுதான் வளர்ப்பு என்றார். அனோஜாவையும் கொஞ்சம் பார்த்துப் பழகச் சொன்னார். அதோடு நிற்காமல், கிளடிஸுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று முன்னறைப் பக்கம் போனார்.

குசினியில் இருவரும் மட்டும் மிஞ்சினார்கள். ஓர்லா மரக்கரண்டியைத் துடைத்துத் துணிப் பைக்குள் வைத்தாள். ஏதாவது திட்டினால்கூட அனோஜாவுக்கு இலேசாக இருந்திருக்கும்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

ஓர்லா பையின் வாயை மூடினாள். பிறகு, தான் இந்த வீட்டுக்கு முதல் முதல் சாப்பிட வந்த நாளை ஞாபகப்படுத்தினாள். நண்டுக்கறி. எல்லோரும் கையால் சாப்பிடுகிறார்கள். அவளுக்குத் தெரியவில்லை. பதினைந்து பேர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நீங்கள் ஒரு முள்ளுக்கரண்டியை என் தட்டுக்கு அருகில் வைத்தீர்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்தீர்கள். நண்டைக் கரண்டியால் சாப்பிட்டீர்கள், அக்கா. யாருக்கும் ஏன் என்று சொல்லவில்லை."

அனோஜாவுக்கு அது மறந்தே போயிருந்தது. அன்று இரவு மாக்கஸ் அதைச் சொல்லிச் சிரித்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

குசினி வாசல் நிலையில் நின்று வெளியே பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் டெக்லன் தனியாக இருந்தார். மற்றவர்கள் முன்னறைக்குப் போய்விட்டார்கள். அவர் தட்டில் கிடந்த தூளைப் பெரிய விரல்களால் கவனமாக ஒதுக்கி, கடதாசித் துவாயில் கொட்டி, மடித்து, கோட்டின் உள்பொக்கற்றில் வைத்தார். பிறகு பொக்கற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

அனோஜாவுக்கு அழுகை வந்தது. கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பொறாமையும் வந்தது. காலையில் வந்ததைவிடக் கூடுதலாக வந்தது. ஓர்லா முக்காட்டை எடுத்தாள், மேசையின் நடுவை எடுத்தாள், மாமியை எடுத்தாள். எல்லாம் போகட்டும். கடைசியில் நல்லவள் என்ற இடத்தையும் இவளே எடுக்க வேண்டுமா? அதுவும் என் பிழையை வைத்து?

மாமி போனைக் கையில் ஏந்தியபடி திரும்பி வந்தார். ஸ்பீக்கரில் கிளடிஸ் மச்சாள். சம்பந்தி திங்கட்கிழமைதான் போகிறார், அதனால் நாளைக்கு ஓர்லா திரும்பவும் சுடுவாள் என்று மாமி தீர்மானித்துவிட்டார். ரெக்ஸ்டேலிலிருந்து கிளடிஸ் குடும்பமும் சாப்பிட வருகிறதாம். ஓர்லாவின் குணத்தைப் பற்றியும் சொல்லியாகிவிட்டது போலத் தெரிந்தது. போனுக்குள் கிளடிஸ் மச்சாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தார்.

"அனோஜா, பச்சை மா காணுமோ, இல்லாட்டி மாக்கஸை அனுப்பி வாங்குவிக்கவோ?"

அனோஜா கீழ் அலுமாரியைத் திறந்தாள். பத்துக் கிலோப் பையைத் தூக்கி, நீல டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓர்லா அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அந்தத் தலையாட்டல்தான் அனோஜாவின் வாயைத் திறந்தது.

"மா காணும், மாமி. ஆனா காலமை அவள் கேக்கேக்க நான் மேல போகேல்லை. இஞ்சை தான் நிண்டனான். இந்த மாவோ எண்டு கேட்டவள். ஓம் எண்டு சொன்னது நான்."

மாமியின் கை போனோடு அந்தரத்தில் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கிளடிஸ் மச்சாளின் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை.